முதலில் வெளிச்சம், கடைசியில் தோல்

போனில் எடுத்த ஒரு முகப்படத்தைத் திருத்த உட்காரும் புதியவர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் தோலில்தான். பருவை அழிப்பார்கள், கருவளையத்தை அழிப்பார்கள், பிறகு 'ஸ்மூத்' ஸ்லைடரை ஓர் இழுப்பு இழுப்பார்கள். முடிவில் முகத்தில் வழவழப்பு வந்திருக்கும். ஆள்தான் காணாமல் போயிருப்பார்.

இவ்வளவுக்கும் அந்தப் படம் சுமாராக இருந்ததற்குக் காரணம் தோலாக இருந்திருக்காது. முகத்தில் வெளிச்சம் போதாமல் இருந்திருக்கும், அல்லது டியூப் லைட்டின் பச்சை ஏறியிருக்கும். இவை இரண்டையும் சரிசெய்துவிட்டுப் பார்த்தால், தோலில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான் மிஞ்சும். அதனால் போர்ட்ரெய்ட் எடிட்டிங்கில் கருவிகளைவிட வரிசை முக்கியம். முதலில் க்ராப், அடுத்து வெளிச்சம், அடுத்து நிறம். தோலும் கண்ணும் அதற்குப் பிறகு. பின்னணியும் சேமிப்பும் கடைசி.

எந்தச் செயலியாக இருந்தாலும் இந்த வரிசை மாறாது. கூகுளின் ஸ்னாப்சீட் இலவசம். அடோபியின் லைட்ரூம் மொபைலில் அடிப்படைக் கருவிகள் இலவசம், சிலவற்றுக்குப் பணம் கட்ட வேண்டும். கணினி இருந்தால் கிம்ப், டார்க்டேபிள் இரண்டும் காசில்லாமல் கிடைக்கின்றன. இந்த நான்கில் எதில் பழகினாலும் மற்றதற்கு மாறுவது கடினமில்லை.

பேச வசதியாக ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். கல்யாண மண்டப வாசலில் அத்தை நிற்கிறார். அடர்பச்சைப் பட்டுப்புடவை, மூக்குத்தி, தலை நிறைய மல்லிகை. முதுகுக்குப் பின்னால் வெயில் கொளுத்தும் தெரு. பக்கத்துச் சுவரில் ஒரு மஞ்சள் பல்பு எரிகிறது. தெரு பளிச்சென்று விழுந்திருக்கிறது, அத்தையின் முகம் இருட்டாக இருக்கிறது. நம் வீட்டு ஆல்பங்களில் பாதிப் படங்கள் இந்த வகைதான்.

தொடங்கும் முன்

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைத் திருத்த எடுக்காதீர்கள். அது ஏற்கெனவே சுருக்கப்பட்டது. எடுத்தவரிடம் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் முழுப் படம் வரும். வந்ததும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

போன் திரையையும் கவனிக்க வேண்டும். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று பலர் நைட் லைட், ஐ கம்ஃபர்ட் போன்றவற்றை எப்போதும் போட்டே வைத்திருப்பார்கள். திரை முழுக்க மஞ்சளாக இருக்கும்போது நிறத்தைத் திருத்தினால், அந்த மஞ்சளை ஈடுகட்ட உங்கள் கை தானாக நீலத்தைக் கூட்டிவிடும். அதை அணைத்துவிடுங்கள். திரையில் 'விவிட்' என்ற அமைப்பு இருந்தால் 'நேச்சுரல்' என்பதற்கு மாற்றுங்கள். வெயிலில் உட்கார்ந்து எடிட் செய்ய வேண்டாம்.

ரா என்ற கோப்பு வகையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாதாரண ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிநிலைகள் உண்டு. 12 பிட் ரா கோப்பில் 4,096, 14 பிட்டில் 16,384. இருட்டான முகத்தைப் பெரிதாக வெளிச்சமாக்க வேண்டுமானால் இந்தக் கூடுதல் படிநிலைகள் கைகொடுக்கும். பழகும் காலத்துக்கு ஜேபெக் போதும்.

க்ராப்: எங்கே போகப்போகிறது இந்தப் படம்?

பெரும்பாலான போன் படங்கள் 3க்கு 4 என்ற விகிதத்தில் இருக்கும். ஸ்டூடியோவில் பிரிண்ட் போடும் 4க்கு 6 அங்குலம் அதைவிட ஒல்லியான வடிவம். நெடுக்காக எடுத்த படத்தை அப்படியே கொடுத்தால் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். படுக்கையாக எடுத்த குடும்பப் படத்தில் மேலும் கீழும் போகும், அதாவது பின்வரிசையில் நிற்பவர்களின் தலை. எனவே முதலில் படம் போகும் இடத்தை முடிவு செய்து, அந்த விகிதத்தில் நீங்களே வெட்டுங்கள்.

படம் சாய்ந்திருந்தால் வாசல் நிலையை வைத்து நிமிர்த்துங்கள். கண்கள் படத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி அமைந்தால் பார்க்க இயல்பாக இருக்கும். மணிக்கட்டு, முழங்கை போன்ற மூட்டுகளில் வெட்டாதீர்கள். மூட்டுக்குச் சற்று மேலே வெட்டினால் கை நறுக்கப்பட்டதாகத் தெரியாது.

இந்தக் கட்டத்தில் பலர் மூக்கைச் சுருக்கும் கருவியைத் தேடுவார்கள். செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் மூக்கில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் ரட்கர்ஸ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் 2018இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 12 அங்குல தூரத்திலிருந்து எடுத்தால், 5 அடியிலிருந்து எடுப்பதைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். எனவே அடுத்த முறை ஐந்தடி தள்ளி நின்று எடுத்து, பிறகு க்ராப் செய்யுங்கள். முகத்தை இழுத்து நெளிக்கும் கருவிகளைத் திறக்கவே வேண்டியிருக்காது.

வெளிச்சம்: படத்துக்கு வேறு, முகத்துக்கு வேறு

அத்தையின் முகம் ஏன் இருண்டது? கேமரா தான் பார்ப்பதன் சராசரி வெளிச்சத்தை ஒரு நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வெயில் அடிக்கும் தெரு இருந்ததால் 'வெளிச்சம் அதிகம்' என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் குறைத்துவிட்டது. வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கும் மாமாவுக்கும் இதே கதிதான். சட்டை பளிச், முகம் இருட்டு.

எக்ஸ்போஷர் ஸ்லைடர் படம் முழுவதையும் ஒன்றாக ஏற்றும், இறக்கும். ஷேடோ இருண்ட பகுதிகளை மட்டும் தொடும், ஹைலைட் வெளிச்சமான பகுதிகளை மட்டும் தொடும். அத்தை படத்தில் முதலில் எக்ஸ்போஷரைச் சிறிது ஏற்றுங்கள். தெரு இன்னும் வெளுக்கும். அதை ஹைலைட்டைக் குறைத்து ஓரளவு மீட்கலாம். முற்றிலும் வெள்ளையாகிப்போன இடத்தில் விவரம் எதுவும் பதிவாகவில்லை. அதை எந்தச் செயலியாலும் மீட்டுத்தர முடியாது. பரவாயில்லை, நாம் பார்க்க வந்தது தெருவை அல்ல.

ஷேடோவைக் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஆசைப்பட்டு முழுக்க ஏற்றினால் இரண்டு தொல்லைகள் வரும். இருட்டில் பதுங்கியிருந்த புள்ளிகள் மேலே வரும். புடவை, கூந்தல் எல்லாம் சாம்பல் பூத்து வெளிறும். அப்படி வெளிறியதென்று தோன்றினால் 'பிளாக்' ஸ்லைடரைச் சிறிது இறக்குங்கள். கூந்தலின் கருமை திரும்பும்.

இதற்குப் பிறகும் முகத்துக்கு வெளிச்சம் போதவில்லையென்றால் முகத்துக்கு மட்டும் கொடுங்கள். ஸ்னாப்சீட்டில் 'செலக்டிவ்' கருவியை எடுத்து முகத்தில் ஒரு புள்ளி வைத்து, இரண்டு விரல்களால் வட்டத்தின் அளவைச் சரிசெய்து, வெளிச்சத்தைக் கூட்டலாம். லைட்ரூமில் 'மாஸ்க்' என்ற வசதியில் ஆளை மட்டும் தேர்ந்தெடுக்க முடியும். கழுத்தையும் சேர்த்துக்கொள்ள மறக்காதீர்கள். முகம் பளிச்சென்றும் கழுத்து இருட்டாகவும் இருந்தால் எடிட் செய்தது அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும்.

படத்தில் எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்று காட்டும் வரைபடம் ஹிஸ்டோகிராம். இடது ஓரம் கருப்பு, வலது ஓரம் வெள்ளை. மலை வடிவம் ஓர் ஓரத்தில் முட்டி நின்றால் அந்தப் பக்கத்து விவரம் தொலைகிறது என்று அர்த்தம். மலை நடுவில்தான் இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. கருத்த நிறமுள்ள ஒருவரின் முகம் இடப்பக்கமாகத்தான் இருக்கும். 'ஆட்டோ' பொத்தான் அதை நடுவுக்குத் தள்ளப் பார்க்கும். தள்ள விடாதீர்கள்.

நிறம்: சொட்டு நீலம் ஏமாற்றும்

வெளிச்சத்துக்கும் நிறம் உண்டு. அதைக் கெல்வின் என்ற அலகில் அளக்கிறார்கள். மஞ்சள் பல்பு 2,700 முதல் 3,000 கெல்வின், நண்பகல் வெயில் 5,500 அளவில், திறந்தவெளி நிழல் 7,000க்கும் மேல். எண் குறையக் குறைய மஞ்சள், கூடக் கூட நீலம். ஒயிட் பேலன்ஸ் பகுதியில் 'டெம்பரேச்சர்' ஸ்லைடர் இந்த மஞ்சள்–நீலத்தைச் சமன்செய்யும். 'டின்ட்' ஸ்லைடர் பச்சை–மெஜந்தாவைச் சமன்செய்யும். பழைய டியூப் லைட்டின் பச்சையைப் போக்க டின்ட்டை மெஜந்தா பக்கம் சிறிது நகர்த்தினால் போதும்.

அங்கேயே சொட்டுமருந்துக் குழாய் வடிவத்தில் ஒரு கருவியும் இருக்கும். நிறமற்ற ஓரிடத்தைத் தொட்டால் அதை வைத்து மற்ற நிறங்களைச் சரிசெய்துகொள்ளும். வெள்ளை வேட்டியைத் தொட்டால் ஆயிற்று என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நம் வேட்டி சொட்டு நீலத்தில் அலசி எடுத்தது. அதில் மெல்லிய நீலம் இருக்கிறது. செயலி அந்த நீலத்தை வெளிச்சத்தின் குற்றமாக எடுத்துக்கொண்டு, ஈடுகட்ட மஞ்சளைச் சேர்க்கும். மாமா மஞ்சள் பூசிக் குளித்தவராகத் தெரிவார். மல்லிகையைத் தொட்டாலும் நம்ப முடியாது, வாடத் தொடங்கிய பூவில் மஞ்சள் ஏறியிருக்கும். கண்ணின் வெண்படலமும் சுத்த வெள்ளை இல்லை. இந்தக் கருவி காட்டுவதை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, ஸ்லைடரைக் கையால் நகர்த்தி முடியுங்கள்.

சரியாக வந்ததா என்று பார்க்க நெற்றியிலும் காதிலும் சாட்சிகள் இருக்கின்றன. குங்குமம் ஆரஞ்சாகத் தெரிந்தால் மஞ்சள் கூடிவிட்டது, ரோஜா நிறத்துக்குப் போனால் நீலம் கூடிவிட்டது. தங்கத் தோட்டில் பச்சை தட்டினால் டின்ட் தப்பு. கணினியில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. நிறம் காட்டும் கருவியைக் கன்னத்தில் வைத்தால் மூன்று எண்கள் வரும். சிவப்பு அதிகம், பச்சை அதற்கடுத்து, நீலம் எல்லாவற்றிலும் குறைவு என்று இருக்க வேண்டும். வெளுத்த தோலானாலும் கருத்த தோலானாலும் இயல்பான வெளிச்சத்தில் இந்த வரிசை மாறுவதில்லை. மனிதத் தோல்களுக்குள் வித்தியாசம் பெரும்பாலும் நிறச்சாயலில் இல்லை, அடர்த்தியில்தான். சினிமாவில் கலர் கிரேடிங் செய்பவர்கள் வெக்டர்ஸ்கோப் என்ற கருவியில் எல்லாத் தோல்நிறங்களுக்கும் ஒரே கோட்டை வைத்துப் பார்ப்பது இதனால்தான்.

அத்தையின் தாடைக்குக் கீழே பாருங்கள். பச்சைப் புடவையில் பட்ட வெளிச்சம் மேலே தெறித்து அங்கே பச்சை படிந்திருக்கும். பிரஷ் கருவியால் அந்த இடத்தில் மட்டும் நிறச்செறிவைக் குறைத்தால் போய்விடும். ஒரு கன்னத்தில் பல்பின் மஞ்சளும் மறு கன்னத்தில் வாசல் வெளிச்சத்தின் நீலமும் விழுந்திருந்தால் கதை வேறு. ஒரே ஸ்லைடரில் இரண்டையும் சரிசெய்ய முடியாது. பகுதி பகுதியாகத் திருத்தலாம். பொறுமையில்லையென்றால் கருப்பு வெள்ளைக்கு மாற்றிவிடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

மாநிறம் மாநிறமாகவே இருக்கட்டும்

நிறங்களைத் தனித்தனியாகத் திருத்தும் பகுதியில் ஆரஞ்சு என்றொரு ஸ்லைடர் இருக்கும். தோலின் நிறம் பெரும்பாலும் அதற்குள்தான் அடங்குகிறது. அதன் வெளிச்சத்தை ஏற்றினால் ஒரு நொடியில் ஆள் வெளுத்துவிடுவார். பல போன்களின் 'பியூட்டி' வசதி, கேட்காமலே செய்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

தொழில்நுட்பத்துக்கு இந்தச் சாய்வு பழையது. கோடாக் நிறுவனம் கலர் பிரிண்டுகளைச் சரிபார்க்க லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் இருந்தது வெள்ளைத் தோலுள்ள ஒரு பெண்ணின் படம். 'ஷர்லி அட்டை' என்று பெயர். அந்த முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. கருத்த முகங்கள் சேறாகக் கலங்கி வந்தாலும் யாரும் கேட்கவில்லை. பல நிறத்தவரையும் சேர்த்த அட்டைகள் 1990களில்தான் வந்தன. கூகுள் தன் பிக்சல் 6 போனில் கருத்த தோலையும் சரியாகக் காட்டும் 'ரியல் டோன்' வசதியை 2021இல் கொண்டுவந்தது. ஹார்வர்டு சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கிய பத்து நிறங்கள் கொண்ட தோல்நிற அளவுகோலை 2022இல் வெளியிட்டது.

கருத்த தோலின் அழகு அதன் மினுக்கத்தில் இருக்கிறது. கன்ன எலும்பின் மேலும் மூக்குத் தண்டிலும் விழும் ஒளிக்கீற்றுதான் முகத்துக்கு உருவம் தருகிறது. ஷேடோவை ஏற்றி ஹைலைட்டைக் குறைத்தால் அந்தக் கீற்று மழுங்கி, தோல் வறண்ட சாம்பலாகிவிடும். இதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். அடர்நிறத்தை அப்படியே விட்டு, ஒளிபட்ட இடங்களை மட்டும் ஓர் இழை கூட்டுங்கள்.

தோல்: எதை எடுப்பது, எதை விடுவது

இரண்டு வாரத்தில் தானாக மறையக்கூடியது எதுவோ அதை எடுக்கலாம். பரு, கொசுக்கடி, சவரத்தில் பட்ட கீறல் இந்த வகை. மச்சம், பழைய தழும்பு, அம்மைத் தடம் ஆகியவை அவருடையவை, விட்டுவிடுங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளமாக எழுதிக்கொடுத்த மச்சத்தைப் போட்டோவில் அழிப்பது எதற்கு?

பருவை எடுக்க 'ஹீலிங்' கருவி போதும். தொட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்து தோலின் அமைப்பை எடுத்து, அந்த இடத்தின் நிறத்தோடும் வெளிச்சத்தோடும் கலந்து ஒட்டுகிறது. போட்டோஷாப்பில் இது 2002இல் ஏழாம் பதிப்போடு வந்தது. பிரஷ்ஷின் அளவு பருவைவிடச் சற்றே பெரிதாக இருக்கட்டும். ஒவ்வொரு பருவுக்கும் ஒரு தொடுதல், தேய்க்காதீர்கள். பெரிதாக்கிப் பார்த்து எடுங்கள், ஆனால் நன்றாக இருக்கிறதா என்று முழுப் படமாகச் சிறிதாக்கிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். பெரிதாக்கினால் எல்லோருடைய தோலும் குறையாகத்தான் தெரியும்.

கருவளையத்தையும் சுருக்கத்தையும் குறைக்கலாம், ஒழிக்கக் கூடாது. பிலிம் காலத்து ஸ்டூடியோக்களில் 'டச்சிங்' செய்தவர்களுக்கு இந்த அளவு தெரியும். நெகட்டிவில் சுருக்கக் கோடு மங்கலாக, ஒளி ஊடுருவும்படி இருக்கும். அதனால்தான் பிரிண்டில் அது கருப்பாக விழுகிறது. நன்றாகக் கூர்சீவிய பென்சிலால் அந்தக் கோட்டை நெகட்டிவிலேயே மெல்ல நிரப்புவார்கள். பிரிண்டில் கோடு இளகி வரும். அதிகம் நிரப்பினால் அங்கே வெள்ளைக் கோடு விழும், பிரிண்டே பாழ். அந்தப் பயத்தில் கை அளவோடு நின்றது. ஸ்லைடருக்கு அந்தப் பயம் கிடையாது.

ஸ்மூத் ஸ்லைடர் ஏன் கெடுக்கிறது? தோலின் நுண்துளைகளும் மெல்லிய ரோமங்களும் சின்னச் சின்ன விவரங்கள். வழவழப்பாக்கும் கருவி அவற்றை மங்கச் செய்துதான் வேலை பார்க்கிறது. நுண்துளை போனால் அது தோல் என்று கண் நம்பாது. போட்டே ஆக வேண்டுமென்றால் நூற்றுக்கு இருபதைத் தாண்டாதீர்கள். 'கிளாரிட்டி', 'ஸ்ட்ரக்சர்', 'எச்டிஆர்' இவை எதிர்த்திசையில் கெடுக்கும், ஒவ்வொரு துளையையும் பள்ளமாக்கிக் காட்டும். புடவை ஜரிகைக்குப் போடலாம், முகத்துக்கு வேண்டாம்.

கண்ணும் பின்னணியும்

கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளி இருந்தால் அதையும் கருவிழியையும் ஓர் இழை வெளிச்சமாக்குங்கள். கூர்மையைக் கண், இமை, புருவத்தில் மட்டும் கூட்டினால் போதும். கண்ணின் வெண்மையையும் பல்லையும் வெளுக்கும் வேலையில் இறங்கினால் அளவோடு நிறுத்துங்கள். பல்லில் மஞ்சளின் செறிவைச் சற்றுக் குறைத்தாலே ஆயிற்று.

போனின் போர்ட்ரெய்ட் மோட் பின்னணியைக் கணக்கிட்டு மங்கலாக்குகிறது. அந்தக் கணக்கு தப்பும் இடங்கள் பறக்கும் முடி, ஜிமிக்கி, பூச்சரத்தின் ஓரம். மல்லிகையில் பாதி பின்னணியோடு கரைந்திருந்தால் மங்கலின் அளவைக் குறையுங்கள். பல போன்களில் எடுத்தபிறகும் அதை மாற்றலாம். பின்னணியின் வெளிச்சத்தைச் சற்று இறக்கினாலே பார்வை முகத்துக்கு வந்துவிடும்.

சேமிப்பதும் நிறுத்துவதும்

ஜேபெக் படத்தைத் திறந்து திருத்தித் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். மறுபடி திருத்த நினைத்தால் மூலப்படத்திலிருந்து தொடங்குங்கள். 4க்கு 6 அங்குலப் பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 1,200க்கு 1,800 பிக்சல் வேண்டும். நிறவகை கேட்டால் எஸ்ஆர்ஜிபி என்று கொடுங்கள். பின்னாலிருந்து ஒளிரும் திரையைவிடத் தாளில் படம் இருட்டாகத் தெரியும், எனவே பிரிண்டுக்குப் போகும் பிரதியைச் சற்று வெளிச்சமாக்குங்கள். பாஸ்போர்ட் போன்ற அடையாள ஆவணங்களுக்கான படத்தில் முகத்தைத் திருத்தவே கூடாது.

எங்கே நிறுத்துவது என்பதுதான் புதியவர்களுக்குக் கடினமான பாடம். அரைமணி நேரம் ஒரே படத்தைப் பார்த்தால் கண் அதற்குப் பழகிவிடும், மிகையும் இயல்பாகத் தெரியும். முடித்ததாக நினைத்ததும் படத்தை மூடிவிடுங்கள். மறுநாள் திறந்து, திருத்தும் முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது ஆளாக இல்லாமல் உங்கள் வேலையாக இருந்தால் ஒவ்வொரு ஸ்லைடரையும் பாதிக்கு இறக்குங்கள்.

இந்த அளவு மீறல் சில நாடுகளில் சட்டத்தின் கவனத்துக்கே வந்துவிட்டது. மாடல்களின் உடலை மெலியவோ பருக்கவோ வைத்துத் திருத்திய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று பிரான்ஸ் 2017இல் கட்டாயமாக்கியது. உடலமைப்பையோ தோலையோ திருத்திய விளம்பரங்களுக்கு நார்வேயில் 2022 ஜூலையிலிருந்து முத்திரை கட்டாயம். வீட்டுப் படத்துக்கு இந்தச் சட்டம் எதுவும் இல்லை. அங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் படத்தில் இருப்பவர்தான். ஊருக்கு அனுப்பும் முன் அத்தையிடம் மூலப்படத்தையும் திருத்திய படத்தையும் சேர்த்துக் காட்டி, எது வேண்டும் என்று கேளுங்கள். மூலப்படமே போதும் என்று அவர் சொன்னால் அதையே அனுப்புங்கள்.